1984 புத்தகத்தில வாற மாதிரி ஒரு நாடு இண்டைக்கு உண்மையாவே வருமோ?

வெள்ளவத்தைப்_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் மருதானையில, டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொண்டில ஜோர்ஜ் ஓர்வெல்ட 1984 கிடைச்சுது. அட்டை இல்ல, முதுகு கழண்டு நூல் தெரியுது, அந்த ஆள் ஐந்நூறு சொல்லி முந்நூறுக்குத் தந்தார். நூறாம் நம்பர் பஸ்ஸில போகேக்க வரேக்க எண்டு ரெண்டு கிழமையில வாசிச்சு முடிச்சிட்டன். கடைசியில கொஞ்சப் பக்கம் இல்லைத்தான், ஆனா கதை முடியுது, கதாநாயகன் வின்ஸ்டன், எல்லாரையும் கண்காணிக்கிற கட்சியின்ட தலைவரான பெரிய அண்ணனில அன்பு வைக்கிற இடத்தோட. அதை வாசிச்ச அண்டைக்கு பம்பலப்பிட்டியில இறங்க வேண்டியவன் கொள்ளுப்பிட்டியில இறங்கினன்.

சரி, கேள்வி. ஒஃபிஸ்ல ஒருத்தன் சொல்றான், "டேய் இது எப்பவோ வந்திட்டுது, உன்ட பொக்கெட்டில கிடக்கிற போன்தான் டெலிஸ்கிரீன்" எண்டு. எனக்கு அது சும்மா வாயில வாற பதில் மாதிரிப் படுது. கதையில டெலிஸ்கிரீன் எண்டா சுவரில இருந்து ஆக்களைப் பாத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற திரை, அதை நிப்பாட்டவே ஏலாது, சத்தத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். உள்கட்சி எண்ட மேல்மட்ட ஆக்களுக்கு மட்டும்தான் நிப்பாட்டுற சலுகை, அதுவும் அரை மணித்தியாலத்துக்கு மேல எண்டா கூடாது. என்ட போனை நான் விரும்பின நேரம் ஓஃப் பண்ணலாம் (பண்ணுறதில்ல, அது வேற கதை).

நான் கேக்கிறது முழுசா ஒரு நாடு அப்பிடி மாறுமோ எண்டு. பழைய பேப்பரெல்லாம் எடுத்துத் திருத்தி எழுதுறது, ஒரு ஆள் இருந்தவர் எண்டதையே இல்லாமச் செய்யிறது, பிள்ளையள் தாய் தகப்பனைக் காட்டிக்குடுக்கிறது, இதெல்லாம் சேந்து. வட கொரியா எண்டு ஒரு சொல்லில முடிச்சிடாதேங்கோ, அது எல்லாரும் சொல்றது. எலெக்‌ஷன் நடக்கிற, கடை திறந்திருக்கிற, கிரிக்கெட் மெட்ச் போய்க்கொண்டிருக்கிற நாட்டில வருமோ?

பழைய_புரூஃப்:

தம்பி, நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில இருபத்தியெட்டு வருசம் புரூஃப் பாத்தவன், இப்ப ஓய்வு. உங்கட கேள்வியில "வருமோ" எண்ட சொல்லுத்தான் எனக்கு இடிக்குது. ஓர்வெல் அதை வருங்காலத்தைப் பாத்து எழுதினவர் எண்டு நான் நினைக்கேல்ல, தான் பாத்ததைத்தான் எழுதினவர். பீகாரில 1903ல பிறந்த ஆள், தகப்பன் வெள்ளைக்கார அரசாங்கத்தின்ட அபின் இலாகாவில உத்தியோகம். இவர் பர்மாவில அஞ்சு வருசம் பொலிஸ். பிறகு ஸ்பெயின் யுத்தத்தில போய்ச் சண்டை பிடிச்சு, தான் நிண்ட இடத்தில நடந்ததைப் பேப்பரில வேற மாதிரிப் போட்டதைக் கண்டவர். 1941ல இருந்து 43 மட்டும் பிபிசியில, இந்தியாவுக்கு ஒலிபரப்புற பகுதியில, தணிக்கை அதிகாரி பாத்து விட்டாத்தான் எதுவும் காத்தில போகும் எண்ட இடத்தில வேலை. புத்தகம் 1949 ஜூனில வந்தது, அடுத்த ஜனவரியில மனிசன் செத்துப்போனார். அப்ப அது நடந்து முடிஞ்ச துண்டுகளைப் பொறுக்கித் தைச்ச சட்டை தம்பி, எந்த நாட்டுக்கு அளவு சரிவருதோ அது போட்டுக்கொள்ளும்.

நீங்கள் கேட்ட பழைய பேப்பரைத் திருத்திற விசயம். 2000ஆம் ஆண்டு யுத்தச் செய்தித் தணிக்கை நேரம் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டோணும், அவங்கள் சிவப்பால வெட்டினா அந்த இடத்துக்கு வேற ஒண்டு போடோணும். சில நாள் நேரமில்லாமல் வெள்ளையா விட்டம். அடுத்த நாள் ரெலிபோன் அடிச்சு "நேற்று மூண்டாம் பக்கத்தில அந்த வெள்ளையில என்ன இருந்தது?" எண்டு கேட்டவையும் இருக்கினம். வெள்ளையே ஒரு செய்தி. இப்ப பாருங்கோ, காலமை வெப்சைட்டில ஒரு தலைப்பு, பின்னேரம் அதே லிங்கில வேற தலைப்பு, இடையில வெள்ளை இல்ல. பழைய பேப்பரைத் திருத்திறதே உத்தியோகமான வின்ஸ்டனுக்கு, மூலத்தை எரிக்கிறதுக்கு ஒரு துவாரம் தேவைப்பட்டது, முழு இதழையும் திருப்பி அடிக்க வேண்டி வந்தது. இப்ப ஒரு பெடியன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே செய்வான்.

நம்பர்_138:

வராது. ஒரே சொல்லு. ஏனெண்டா அதுக்கு முதல்ல ஒழுங்கா வேலை செய்யிற அரசாங்கம் ஒண்டு வேணும் 😂

கிழக்கு ஜேர்மனியில ஸ்டாசி எண்டு ஒரு இரகசியப் பொலிஸ் இருந்தது. ஒரு கோடி அறுபது லட்சம் சனத்துக்கு 90,000க்கு மேல முழுநேர ஆக்கள், அதுக்கு மேல அயலட்டையில ஒளிச்சிருந்து சொல்லிக்குடுக்கிறவை ஒரு லட்சத்துக்கும் கூட. அவங்கள் சேத்து வச்ச ஃபைலை நீட்டுக்கு அடுக்கினா 111 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இங்க இருந்து கண்டி. அவ்வளவு வச்சும் 1989ல பெர்லின் மதில் விழுறதைத் தடுக்க ஏலேல்ல. எங்கட ஆக்கள்? என்ட ஐடி கதையைச் சொல்றன் கேளுங்கோ. ஐடி நம்பர்ல வருசத்துக்குப் பிறகு வாற மூண்டு இலக்கம் பிறந்த நாள், பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டுவினம். எனக்கு யாரோ கூட்டிப்போட்டினம். மீசையோட படம், நம்பர்ல பொம்பிளை. ஒரு கந்தோர்ல கேட்டா மற்ற கந்தோர், அங்க போனா பிறப்புச் சான்றிதழ், அதைக் கொண்டுபோனா கிராம சேவகர், அவர் லீவு, பிறகு சிஸ்டம் டவுன். பதினாலு மாசம். இண்டைக்கும் ஒரு பேங்கில இருந்து திருமதி எண்டுதான் எஸ்எம்எஸ் வருது. பெரிய அண்ணனுக்கு நான் ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டே தெரியாது, அவர் என்ட மூளைக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்கப் போறாராம்.

அடுத்த ஆள் சைனா எண்டு வருவார், அதுக்கும் இப்பவே சொல்லிவிடுறன். சைனாவில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மார்க், மார்க் குறைஞ்சா வாழ ஏலாது எண்டு ஒரு வீடியோ சுத்துதே, அது ஊதிப் பெருப்பிச்சது. நாடு முழுக்க அப்பிடி ஒரே மார்க் கிடையாது, சில ஊரில பரீட்சார்த்தமா வச்சுப் பாத்தவங்கள். உண்மையா பெரிசா நடந்தது, கோர்ட் கட்டச் சொன்ன கடனைக் கட்டாத ஆக்களைப் பட்டியல்ல போட்டு பிளேன் டிக்கெட், ஹைஸ்பீட் ட்ரெயின் டிக்கெட் எடுக்க விடாமச் செய்யிறது. நல்ல விசயம் எண்டு சொல்லேல்ல. ஆனா அது 1984 இல்ல.

மாளிகாவத்தை_நானா:

138 மச்சான், ஐடி கத வாசிச்சி நல்லா சிரிச்சன். ஆனா ஒங்கட முடிவு தலகீழ்.

2019ல ஈஸ்டர் தாக்குதலுக்குப் பொறகு ஹசலகவில ஒரு பொம்புள, உடுத்த உடுப்புல ஒரு சக்கரப் படம். தர்மச்சக்கரம் என்டு புடிச்சாங்க. அது கப்பல் சுக்கான் மச்சான், கப்பல்ல திருப்புவாங்களே, அது. ரெண்டு கிழமைக்கு மேல உள்ள ஈந்திட்டுத்தான் பிணையில வந்தாங்க. எங்கட ஊட்ல உம்மா அண்டைக்கு ராவு அலுமாரியத் தொறந்து எல்லார்ட உடுப்பையும் வெளிய எடுத்துப் போட்டாங்க, பூ, கோடு, வட்டம் எல்லாத்தையும் லைட்டுக்குப் புடிச்சிப் பாத்தாங்க. தங்கச்சிட ஒரு சல்வார்ல சூரியகாந்திப் பூ. அதையும் ஓரமா வெச்சாங்க. யாரும் எங்களுக்கு ஓடர் போடல்ல. நாங்களே செஞ்சம்.

அடுத்தது 2020. புத்தளத்துல படிப்பிச்சிட்டு ஈந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், நவரசம் என்டு தமிழ்ல ஒரு கவிதப் புத்தகம் போட்டவர். தீவிரவாதம் என்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்துல புடிச்சாங்க, 1979ல தற்காலிகம் என்டு கொண்டு வந்த அதே சட்டம். அந்தப் புத்தகத்துல தீவிரவாதத்துக்கு எதிராவே கவித ஈக்கிது. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் ஆறுதலா ஒக்காந்து வாசிச்சா அரை நாள் வேல. அவருக்குப் பிணை கெடச்சது 2021 டிசம்பர்ல, புத்தளம் மேல்நீதிமன்றம் விடுதல செஞ்சது 2023 டிசம்பர்ல.

கதையில வின்ஸ்டனச் சித்திரவத செய்யிற ஓபிரையன் எப்பிடி? வின்ஸ்டன விட வாசிச்ச மனிசன், அவன்ட மனசுல உள்ளத அவன விட நல்லா விளங்கிட்டுத்தான் அடிக்கிறார். இங்க வாசிக்காமலே அடிக்கலாம். ஒங்களுக்கு 500 கூடிச்சி, திருமதி என்டு எஸ்எம்எஸ் வந்திச்சி, சிரிச்சிட்டுப் போறீங்க. அதே பிழை வேற ஒரு லிஸ்ட்ல, வேற ஒரு பேருக்கு விழுந்தா? பிழை விடுற அரசாங்கம் என்டா பயமில்ல என்டு நீங்க செல்றீங்க, எனக்கு அதுதான் பயம்.

கிராண்ட்பாஸ்_பைக்:

அண்ணன்மாரே நான் புத்தகம் எல்லாம் வாசிக்கலங்க, சொந்த ஊரு ஹட்டன் பக்கம், இங்க டெலிவரி ஓட்டுறேன். சைனாவில மார்க் கெடையாதுன்னு 138 அண்ணன் சொன்னாரே, எனக்கு இருக்குங்க. 4.6.

போன மழைக்கு பம்பலப்பிட்டியில ஒரு ஃப்ளாட், ஒம்பதாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யல, கீழ வந்து வாங்கிக்கங்கன்னு கோல் எடுத்தேன், மேல வாங்கன்னாங்க, சரின்னு ஏறுனேன், ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், கொத்து ஆறிடுச்சின்னு ஒரு ஸ்டார். அந்த வாரத்துல அப்படி இன்னும் ரெண்டு. 4.6 வந்து 4.3 ஆச்சு, மறுநாள் காலையில போனைத் தொறந்தா அக்கவுன்ட் ஹோல்ட். யார்கிட்ட பேசுறதுன்னு தெரியல. சட்டுல எழுதினா நன்றி, உங்க கருத்து முக்கியம்னு வருது, திரும்ப எழுதினா திரும்ப அதேதான் வருது. மனுசனா மெஷினான்னு பாக்க 'அம்மா செத்துப் போச்சு'ன்னு எழுதினேன் (நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க), அதுக்கும் நன்றி உங்க கருத்து முக்கியம். ஆறு நாள். ஏழாவது நாள் அதுவாத் தொறந்துச்சு, ஏன் மூடுனாங்க ஏன் தொறந்தாங்க ஒண்ணும் தெரியாது. உங்க கதையில அந்த ஆள அடிக்கிறவன் பக்கத்துல ஒக்காந்து பேசுறானாம்ல, அது எவ்வளவோ மேலுங்க.

ஆனா ஒண்ணு, எல்லாரும் கியூஆரைத் திட்டுறாங்க, 2022ல பெற்றோலுக்கு வந்துச்சே அது, நம்மளக் கண்காணிக்கிறாங்கன்னு. நான் திட்ட மாட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி ஷெட்ல பைக்க நிப்பாட்டிட்டு அது மேலயே படுத்திருக்கேன். கியூஆர் வந்த பொறகு வாரத்துக்கு நாலு லீட்டர், ஆனா நிச்சயமா நாலு லீட்டர். லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிக்கிட்டேன், ஐயப்பன் மாலை மாதிரி. 2023 ஏப்ரல்ல ஏழு ஆக்குனாங்க பாருங்க, அன்னிக்கு நாங்க பசங்க எல்லாம் சேந்து பிரியாணி சாப்பிட்டோம்.

பழைய_புரூஃப்:

பைக் தம்பி, நீங்கள் வாசிக்காத புத்தகத்தில உங்கட பிரியாணி இருக்கு. சொக்லேட் பங்கீட்டை 30 கிராமில இருந்து 20க்குக் குறைக்கினம். அடுத்த நாள் டெலிஸ்கிரீனில, பெரிய அண்ணன் சொக்லேட்டை 20 கிராமா உயர்த்தினதுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போச்சுதாம் எண்டு செய்தி. சனம் நம்புது. வின்ஸ்டன் ஒராள்தான், நேற்றுத்தானே குறைச்சவங்கள் எண்டு முழிக்கிறார்.

உங்களில குறை சொல்லேல்ல, உங்கட ஏழு உண்மையா நாலை விடக் கூடத்தான், ஒருத்தரும் கணக்கை மாத்தேல்ல. நானும் அந்த வரிசையில நிண்டவன்தான், முதல்ல ரோக்கன், பிறகு நம்பர் பிளேட்டின்ட கடைசி இலக்கம், பிறகு கியூஆர். ஒவ்வொண்டும் முந்தினதை விட நல்லது எண்டுதான் ஏற்றுக்கொண்டம். ஒரு கியூஆருக்கு ஐடி நம்பர், செஸி நம்பர், போன் நம்பர் எல்லாம் குடுக்கேக்க எனக்கு ஒரு நிமிசம் கூடக் கை தயங்கேல்ல, இதை இப்ப எழுதேக்கதான் யோசிக்கிறன்.

மூலையில_இருக்கிறன்:

ஐயோ எவ்வளவு நீளம்... 1953ல வந்த ஃபாரன்ஹீட் 451ல தீயணைப்புத் தலைவர் சொல்லுவார், புத்தகத்தை எரிக்கிறது அரசாங்கம் மேல இருந்து தொடங்கினதில்ல, சனம் தாங்களாவே வாசிக்கிறதை விட்டிட்டுது எண்டு. இந்த இழையில பாதிப் பேர் நடுப் பந்தியைத் தாண்டித்தான் ஓடுவினம், பந்தயம் கட்டுறன். நானும் தாண்டினன்.

நம்பர்_138:

@மூலையில எங்களுக்கு மேல இருந்தும் எரிச்சவங்கள் அக்கா, 1981, யாழ்ப்பாணம் நூலகம், 97,000 புத்தகம். ரெண்டு வழியும் தெரியும்.

கடற்கரைப்_பக்கம்:

நான் இங்க எழுதிறதில்ல, வாசிக்கிறதோட சரி. தம்பி "கடை திறந்திருக்கிற நாட்டில" எண்டு கேட்டபடியால் எழுதிறன்.

2007 ஜூன் 7. எங்கட வீட்டுக்கு எதிர்ப் பக்கம் ஒரு லொட்ஜ். வெளிநாட்டுக்கு அலுவலா வந்தவை, ஆஸ்பத்திரிக்கு வந்தவை, எல்லாம் வடக்குக் கிழக்கு மலைநாட்டுத் தமிழ் ஆக்கள். விடியப்புறம் நாய் குரைச்சுச் சத்தம் கேட்டுத்தான் எழும்பினன். ரோட்டில பொலிஸ், பஸ். சாமானை எடுக்க அரை மணித்தியாலம் குடுத்தவையாம். ஒரு வயது போன மனிசி ஸ்கான் படம் இருக்கிற பெரிய கவரை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறினவ, வேற பை ஒண்டும் கையில இல்ல. அப்பிடிக் கொழும்பு முழுக்க முந்நூறுக்கு மேல ஆக்களை ஏத்தி வவுனியா, மட்டக்களப்பு எண்டு அனுப்பினவை. குற்றம் ஒண்டும் இல்ல, தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில நிக்கினமாம்.

எனக்கு மறக்காதது என்னெண்டா, கீழ பால் கடை திறந்துதான் இருந்தது. பாண்காரன் ஹோண் அடிச்சுக்கொண்டு வந்தவன். பஸ் மறைச்சு நிக்குதெண்டு ஒரு கார்க்காரர் ஹோண் அடிச்சவர். நானும் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் குடுத்து ஸ்கூல் வானில ஏத்தி விட்டனான். எங்கட வீட்டில பொலிஸ் பதிவு சரியா இருந்தது, ஆக்களின்ட பேர் எல்லாம் ஃபோமில இருந்தது, அதை எடுத்து மேசையில வச்சுப்போட்டு யன்னல் சீலையை இழுத்து விட்டனான். அந்த ஃபோம் இருக்கெண்டு எனக்கு ஆறுதலா இருந்தது. இதை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

அடுத்த நாள் உயர் நீதிமன்றம் நிப்பாட்டச் சொன்னது, பிறகு கொஞ்சப் பேரைத் திருப்பிக் கொண்டுவந்தவை.

நம்பர்_138:

அம்மா, வாசிச்சிட்டு ஒரு மணித்தியாலமா ஒண்டும் எழுத ஏலேல்ல. என்ட ஐடி பகிடியை அழிச்சிடுவமோ எண்டு யோசிச்சன், பிறகு அழிச்சா நானும் வின்ஸ்டன்ட வேலையைத்தான் பாக்கிறன் எண்டு விட்டிட்டன்.

ஒண்டு மட்டும் இன்னும் விடமாட்டன். அடுத்த நாளே ஒரு நீதிமன்றம் நிப்பாட்டினது எண்டு நீங்களே எழுதினீங்கள். கதையில வாற ஓசியானியா நாட்டில மனுப் போடுறதுக்கு ஒரு இடமும் இல்ல, அங்க சட்டம் எண்டே ஒண்டும் இல்ல எண்டு புத்தகத்தில நேரடியாவே இருக்கு. நானா சொன்ன கவிஞரையும் நீதிமன்றம்தானே விட்டது. அந்த வித்தியாசத்தை சும்மா தள்ள வேண்டாம்.

மாளிகாவத்தை_நானா:

தள்ளல்ல மச்சான். அந்தக் கதவு ஈக்கிது. ஒரு கேஸ்ல ஒரு நாள், மத்த கேஸ்ல மூணரை வருஷம். கதவுக்கு வெளிய நிண்டு எண்ணுறவனுக்கு அதுதான் வித்தியாசம்.

வெள்ளவத்தைப்_பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வி இப்ப எனக்கே வேற மாதிரித் தெரியுது. ஒரு நாடு முழுக்க ஒரே நாளில மாறுமோ எண்டு கேட்டனான். கடற்கரைப் பக்கம் அன்ரி எழுதினதைப் பாத்தா ரோட்டின்ட ஒரு பக்கத்தில மட்டும் நடந்திருக்கு, மற்றப் பக்கத்தில ஸ்கூல் வான். எனக்கு அப்ப ஆறு வயது அன்ரி. நானும் அண்டைக்கு ஏதோ ஒரு வானில போயிருப்பன்.

பழைய_புரூஃப்:

தம்பி, ஒரு விசயம் விட்டுப்போச்சு. முதல் பதிவில கடைசியில கொஞ்சப் பக்கம் இல்லையெண்டு எழுதினீங்கள் எல்லோ. கதை முடிஞ்சாப் பிறகு ஒரு பின்னிணைப்பு இருக்கோணும், நியூஸ்பீக் மொழியைப் பற்றி, ஒரு இலக்கணக் கட்டுரை மாதிரி, சலிப்பா இருக்கும். அமெரிக்காவில ஒரு புத்தகக் கழகம் அதை வெட்டினாத்தான் எடுப்பம் எண்டு நிண்டது, பெரிய காசு, ஓர்வெல் மாட்டன் எண்டிட்டார்.

புரூஃப் பாக்கிறவன்ட கண்ணுக்கு அதில ஒண்டு தட்டுப்படும். அது முழுக்க இறந்தகாலம். நியூஸ்பீக் ஓசியானியாவின்ட அரச மொழியா இருந்தது, இருக்குது எண்டு இல்ல. அதுவும் சாதாரண இங்கிலிஷில எழுதியிருக்கு. அப்ப அதை ஆர் எழுதினது, எப்ப இருந்து எழுதினது? பெரிய அண்ணன் போன பிறகு ஆரோ ஆறுதலா இருந்து எழுதின மாதிரி இருக்கெண்டு சில பேர் சொல்லுவினம். இல்ல, அது சும்மா கட்டுரை நடை எண்டு மற்ற ஆக்கள் சொல்லுவினம். நான் ரெண்டு பக்கமும் மாறி மாறி நிண்டிருக்கிறன்.

வெள்ளவத்தைப்_பெடியன்:

இப்பதான் எடுத்துப் பாத்தன் ஐயா. கிழிஞ்சதில்ல, ஆரோ பிளேடால வடிவா வெட்டி எடுத்திருக்கினம், அடிக்கட்டை நேரா நிக்குது. ஆர் வெட்டினாங்களோ, எதுக்கோ. உங்களிட்ட இருந்தா ஒரு போட்டோக்கொப்பி எடுக்கத் தருவீங்களோ?

பழைய_புரூஃப்:

சனிக்கிழமை காலமை மார்க்கெட்டுக்கு வருவன், மீன் வாங்க. பத்து மணிபோல மீன் பக்க வாசல்ல நில்லுங்கோ. பையில போட்டுக்கொண்டு வாறன், மணத்தால் குறை நினைக்காதேங்கோ.